ஹுமேரா ஓட்டிய மூணு மணி பஸ்

எங்கள் ஓட்டக் குழுவில் எனக்கு ‘ஜோசியர் பாய்’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் உள்ளூர எனக்கு ஒரு பெருமை, மறைப்பானேன்.

துடியலூரில் காலையில் சேர்ந்து ஓடுகிறவர்கள் நாங்கள் நாற்பது பேர். அதில் யார் எந்தப் பந்தயத்தை எவ்வளவு நேரத்தில் முடிப்பார்கள் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவேன். மந்திரம் ஒன்றுமில்லை. கையில் கட்டுகிற வாட்ச், நாம் ஓடிய தூரத்தையும் நேரத்தையும் போனுக்கு அனுப்பும். போனில் இருக்கிற ஆப் அதையெல்லாம் கூட்டிப் பெருக்கி, இந்த ஆள் இருபத்தோரு கிலோமீட்டரை இத்தனை நேரத்தில் முடிப்பார் என்று ஒரு கணிப்பு போடும். நாற்பது பேருடைய கணிப்பையும் பார்த்துச் சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. போன வருஷம் அரை மாரத்தானில் அது எனக்குச் சொன்ன நேரத்துக்கும் நான் முடித்த நேரத்துக்கும் நாற்பது விநாடிதான் வித்தியாசம். அன்றிலிருந்து ஆப் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

என் பெயர் அப்துல் நாசர். உக்கடத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. வயது ஐம்பத்தொன்று. மனைவி ஹுமேராவுக்கு நாற்பத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் அவளுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்றார். நடந்தாள். நடந்தவள் எப்போது ஓட ஆரம்பித்தாள் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் முகமெல்லாம் சிவந்து வீட்டுக்குள் வந்து, “ஏனுங்க, பன்னிமடைக்குப் போய்ட்டு ஓடியே வந்துட்டேனுங்க” என்றாள். நான் குழுவோடு வெள்ளக்கிணறு பக்கம் ஓடுகிறவன். அவள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, தலையில் மக்கனாவைக் கட்டிக்கொண்டு, தனியாகப் பன்னிமடை ரோட்டில் ஓடுவாள். பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் இல்மா அம்மாவுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். அதை ஆப்போடு இணைத்துக் கொடுத்தது நான்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். நாம் நின்றால் வாட்சும் தானாக நின்று, ஓடினால் தானாக ஓடுகிற வசதி ஒன்று அதில் உண்டு. அதை அணைத்து வைத்தேன். “பந்தயத்துல கடிகாரம் நமக்காக நிக்குமா? எங்காவது நின்னா நீயே பொத்தானை அமுக்கிக்க” என்று பெரிய பயிற்சியாளர் மாதிரி பேசினேன். சரிங்க என்றாள்.

இனி காரமடைப் பந்தயத்தைச் சொல்ல வேண்டும். அதை நடத்துகிறவர் பொங்கியண்ணன். முப்பது ஏக்கரில் கறிவேப்பிலை போட்டிருக்கிறார், சொந்தமாக ஒரு வார்ப்படப் பட்டறையும் உண்டு. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிவேப்பிலைக் காடுகளுக்கு நடுவே போகிற ரோட்டில் ஓட்டம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஒரு பள்ளி மைதானத்தில் வந்து முடியும். மைதானத்துக்கு ஒரு இரும்புக் கேட். சரியாக ஒன்பது மணிக்குப் பொங்கியண்ணன் தன் கையாலேயே அந்தக் கேட்டை இழுத்துச் சாத்துவார். அதற்கு மேல் வருகிறவர்களுக்கு மோரும் சாப்பாடும் உண்டு, பதக்கம் கிடையாது. முதல் வருஷம் மதியம் வரை ஆள் வந்துகொண்டே இருந்து, பதக்கம் பத்தாமல் தகராறு ஆகிப்போனதில் பிறந்த சட்டம் அது. சொந்த மச்சானுக்கே கேட் சாத்தியவர் என்று ஊரில் பேச்சு.

நவம்பரில் ஒரு நாள் ஹுமேரா என் போனை வாங்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, தன் பெயரை அந்தப் பந்தயத்துக்குப் பதிந்தாள். ஹுமேரா, 46, 21 கி.மீ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆப் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன் ஆப் சொன்னது: மூன்று மணி பதினான்கு நிமிஷம்.

என் பெண்டாட்டி பதினான்கு நிமிஷம் பிந்தி, சாத்திய கேட்டுக்கு வெளியே வியர்த்து வழிய நிற்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளிடம் சொன்னால் கேட்க மாட்டாள். தூரத்தை மாற்றிக்கொள்ள அன்றுதான் கடைசித் தேதி. போன் என்னுடையது. 21 என்று இருந்ததை 10 என்று மாற்றிவிட்டேன். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பக்குவம் ஒரு வாரம் கழிந்தும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இரண்டு பேரும் பந்தய எண் வாங்கக் காரமடை போனோம். இருபத்தொன்றுக்குச் சிவப்பு அட்டை, பத்துக்கு நீலம். என் கையில் சிவப்பு. அவள் கையில் நீலத்தைக் கொடுத்தார்கள். தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பி நீட்டினாள். மேஜையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “உங்க போன் நம்பர்ல இருந்து நீங்களேதான் மாத்தியிருக்கறீங்க அக்கா” என்றது. ஹுமேரா திரும்பி என்னைப் பார்த்தாள். அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்து உட்கார்ந்தாள். துடியலூர் வரும் வரை நான் மட்டும்தான் பேசினேன். மூன்று மணி பதினான்கு என்றேன், கேட் என்றேன், உனக்காகத்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபின் சொன்னாள். “ஏனுங்க, பள்ளிக்கூடத்துல என் பேரைக் குடுத்தது என்னைப் பெத்த எங்கத்தா. கல்யாணத்துக்குப் பேரைக் குடுத்ததும் அவருதான். ரேசன் கார்டு, பேங்க், ஓட்டு எல்லாத்துலயும் நீங்க எழுதிக் குடுத்தீங்க. நானே போய் என் பேரைக் குடுத்தது என் வாழ்க்கைல இது ஒண்ணுதானுங்க.”

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் சோற்றுக்கு அரிசி களையப் போய்விட்டாள். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல அவள் கிளம்பினாள். பந்தயத்துக்கு முந்தின நாள், நாலு கிலோமீட்டர்தான். கூப்பிடாமலேயே பின்னால் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் என் ஜோசியம் நாறிப்போனது.

அவள் ஓடுவதை அதற்கு முன் நான் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. தோள் ஆடவில்லை, கால் ஒரே சீராகப் போகிறது. நான்தான் கொஞ்சம் மூச்சு வாங்கினேன். இவளா மூன்று மணி பதினான்கு என்று யோசித்துக்கொண்டு போகிறேன், ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “ஏனுங் அம்மணி, இன்னிக்கு ஊட்டுக்காரருமா?” என்றார். ஹுமேரா நின்றாள். சும்மா வேகம் குறைக்கவில்லை, சுத்தமாக நின்றாள். அவர் மருமகளுக்குப் பிரசவம் எப்போது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுத்து பால் சொசைட்டி முன்னால் ஒருவர். அடுத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போன பெரியவர். நாலு கிலோமீட்டரில் ஐந்து இடம். ஓரிடத்திலும் அவள் கை வாட்சின் பொத்தானுக்குப் போகவில்லை.

“நிக்கறப்ப பொத்தானை அமுக்குன்னு சொன்னேனே?”

“பேசறவங்க முன்னாடி கையைத் திருப்பி வாட்சைப் பாக்கறதுங்களா? நேரமாச்சு, போங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இல்லீங்களா?” என்றாள். நான் ஏதோ அசிங்கமான காரியத்தைச் செய்யச் சொன்னதுபோல ஒரு பார்வை.

“அப்ப ஓடிட்டே பதில் சொல்லேன்.”

“நின்னு கேக்கறவங்களுக்கு ஓடிட்டு பதில் சொன்னா என்னங்க மரியாதை?”

வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை. அவள் ஓடிய கணக்கையெல்லாம் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். போன மாதம் ஓடிய பதினான்கு கிலோமீட்டரை எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நாலு நிமிஷம் என்று இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பதினேழு இடத்தில் ஆள் அசையவே இல்லை. கூட்டினால் பத்தொன்பது நிமிஷம்! கல்யாணம், காய்ச்சல், பிரசவம், தென்னைக்கு வந்த நோய் என்று ஊர்க்கதை கேட்ட பத்தொன்பது நிமிஷத்தையும் ஆப் அவள் ஓட்டத்தில் சேர்த்திருக்கிறது. தானாக நிற்கிற வசதியை அணைத்து வைத்தது யார்? நான். நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிஷம். கேட் சாத்துவதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்னால் வந்து மோர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியவளைத்தான் நான் பத்துக்கு இறக்கிவிட்டிருக்கிறேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு காரமடைக்கு விரட்டினேன்.

பொங்கியண்ணன் காட்டில் கறிவேப்பிலைக் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து போனில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “பாய், சிவப்பு அட்டை ஒண்ணுகூட இல்லைங்க. எல்லாம் பேரு அடிச்சு முடிஞ்சுபோச்சு. உங்களுக்குன்னு ஒண்ணு குடுத்தா நாளைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்றதுங்க?”

கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். அவர் என் போனை வாங்கி அதில் இருந்த கணக்கைப் பார்த்தார்.

“ரெண்டு நாப்பத்திரண்டு நெசந்தானுங்களா?”

“சத்தியமுங்ணா.”

“இப்பத்தான் தீபக்கு போன் பண்ணுனான். வண்டியில உழுந்து கணுக்கால் வீங்கிப்போச்சாம். மூணு மணி பஸ்ஸுக்கு டிரைவர் இல்லைங்க.”

ஓடுகிறவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஓட்டங்களில் ஒருவர் கையில் கொடி பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடுவார். கொடியில் இரண்டு மணி, இரண்டரை மணி என்று எழுதியிருக்கும். அவர் பின்னாலேயே போனால் அந்த நேரத்தில் முடிக்கலாம். அந்தக் கூட்டத்துக்குத்தான் பஸ் என்று பேர், கொடி பிடிப்பவர் டிரைவர். மூணு மணி பஸ் கடைசி பஸ். அதில் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுக்குப் பயந்தவர்கள். டிரைவர் ஒரு நிமிஷம் பிசகினால் அத்தனை பேரும் வெளியே. பிசகக் கூடாது என்பதற்காகவே, தனியாக ஓடினால் கால் மணி நேரமாவது முன்னால் முடிக்கக்கூடியவரைத்தான் டிரைவராகப் போடுவார்கள். டிரைவருக்குச் சிவப்பு அட்டை வேண்டாம், கொடியே போதும்.

“அம்மணிகிட்டப் போனைக் குடுங்க” என்றார் பொங்கியண்ணன். வீட்டுக்கு அடித்துக் கொடுத்தேன். என்ன வேலை, என்ன பொறுப்பு என்று அவளிடம் நேராகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.

அவள் கேட்டது ஒரே கேள்வி. “பஸ்ல எத்தனை பேருங்க?”

“இப்போதைக்குப் பதினொண்ணுங்க அம்மணி.”

“பேரெல்லாம் அனுப்பி உடுங்க.”

அன்று சாயங்காலம் ஹுமேரா மருதாணிக் கோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூன்று கிலோமீட்டருக்கும் மணி எத்தனை ஆகியிருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இடது முன்கையில் வரிசையாக எழுதிக்கொண்டாள். 6.25, 6.51, 7.16, 7.42, 8.07, 8.33, 8.58. “வேர்வைக்கு அழியாதுங்க” என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளாக என்னிடம் பேச்செடுத்தது அன்று சாயங்காலம்தான்.

ஆப்பின் கணிப்பில் நான் இரண்டு மணி இருபது நிமிஷத்தில் முடிக்கிற ஆள். அந்த ஆசையை விட்டுவிட்டேன். நானும் உன் பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

“வாங்க. ஆனா முன்னால ஓடாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, இருட்டு முழுக்கப் பிரியாத பனியில் கிளம்பினோம். ஹுமேராவின் கையில் மஞ்சள் கொடி. பதினொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மதுக்கரையிலிருந்து வந்திருந்த சாமியாத்தாள் என்ற அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வங்கியில் ஓய்வுபெற்ற வேங்கடசாமி என்பவர் போன வருஷம் கேட்டுக்கு வெளியே நின்றவர். அவரை முதல் வரிசைக்கு அழைத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் சும்மா வந்திருக்கலாம். பழக்கதோஷம், வாட்சைப் பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். “எட்டு பத்து, ஜாஸ்தி! எட்டு நாப்பது, கம்மி!” மூன்றாவது கிலோமீட்டரில் ஹுமேரா திரும்பி, “ஏனுங்க, நீங்க முன்னால போய் எல்லாருக்கும் தண்ணி வாங்கிட்டு வந்து குடுங்களேன்” என்றாள். மரியாதையாக வாயை மூடச் சொல்லிவிட்டாள். பதினொரு பேருக்கும் சிரிப்பு. எனக்கும் நல்ல வேலையாகத்தான் பட்டது. ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலுக்கும் முன்னால் ஓடிப் போய், பாட்டில்களை அள்ளிக்கொண்டு திரும்பி எதிரே ஓடி வந்து கொடுத்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பேசினாள். இந்தத் தடவை நிற்காமல், ஓடிக்கொண்டே. சாமியாத்தாளிடம் பேத்தியைப் பற்றிக் கேட்டாள், வேங்கடசாமியிடம் வங்கியில் அவர் பார்த்த ஊர்களைக் கேட்டாள். முதலில் எனக்குப் பொறுக்கவில்லை, மூச்சை வீணாக்குகிறாளே என்று. கொஞ்ச தூரம் போனபின்தான் புரிந்தது. பதில் நீளமாக வந்தால் அவள் கால் ஒரு துளி வேகமாகும். பதில் ஒற்றை வார்த்தையாகச் சுருங்கினால் ஒரு துளி குறையும். அடுத்தவர் நெஞ்சில் எவ்வளவு மூச்சு மீதி இருக்கிறது என்று பேச்சிலேயே பார்த்துக்கொண்டு வருகிறாள். ஆறாவது கிலோமீட்டர் பலகையில் கையைத் திருப்பினாள். 6.51. ஒன்பதாவதில் 7.16. என் வாட்சைச் சரிபார்த்து அலுத்துப்போய், பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு சாமர்த்தியம் இவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சொல்லிவிடுகிறேன், கர்வமாக இருந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வெயில் வந்தது. இரண்டு பக்கமும் கறிவேப்பிலை வாசம் தூக்கியது. பதினைந்தில் வேங்கடசாமி, “என்னால ஆகாதுங்க, நீங்க போங்க” என்று நடக்க ஆரம்பித்தார். ஹுமேரா கொடியைச் சாமியாத்தாள் கையில் கொடுத்து, இதே வேகத்தில் போகச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போனாள். “அண்ணா, அந்தப் புளியமரம் வரைக்கும் நடங்க. அங்கிருந்து ஓடலாம்” என்றாள். மரம் வந்தது, ஓடினார். நூறு மீட்டர் முன்னால் போன பஸ்ஸை இரண்டு பேருமாக இரண்டு கிலோமீட்டரில் பிடித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். பதினெட்டாவது பலகையில் மணி 8.33.

பதினெட்டரையில் என் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

தண்ணீருக்காக முன்னும் பின்னும் ஓடியதில் நான் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தேன். அதோடு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என் கால் எந்நாளும் ஓடியதில்லை. கல்லைக் கட்டினதுபோலக் கால் இறுகி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். “ஹுமேரா!” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது, அவள் நிற்பாள் என்று முழுக்க நம்பினேன். ஊரில் மாடு மேய்க்கிறவருக்கு நிற்கிறவள் கட்டின புருஷனுக்கு நிற்க மாட்டாளா?

நிற்கவில்லை. கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நாலு எட்டு ஓடியபடி பஸ்ஸில் இருந்தவர்களை ஒரு முறை எண்ணினாள். இடுப்புப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து என்னை நோக்கி எறிந்தாள். “உப்பை வாயில போட்டு, காலை நீட்டி நல்லாத் தேச்சு உடுங்க. நான் போறேனுங்க!” சாமியாத்தாள் தயங்கி, “அம்மணி, நான் வேணும்னா கூட இருக்கட்டுமா?” என்றார். “அவரு வந்துருவாருங்க. நீங்க ஓடுங்க” என்றாள்.

கொடி வளைவில் திரும்பி மறைந்தது. முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. உப்பை வாயில் போட்டுக்கொண்டு காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பதினொரு பேர் கேட்டுக்கு வெளியே நின்றிருப்பார்கள், வேங்கடசாமி இரண்டாவது வருஷமாக. தூரத்தில் கொடியின் மஞ்சள் கறிவேப்பிலைக் காட்டுக்கு மேலே ஒரு தடவை தெரிந்தது, சற்றும் ஆட்டமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. “போ, போ, நிக்காத” என்று தனியாக ரோட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுந்து நொண்டினேன், கால் கொஞ்சம் இளகியதும் ஓடினேன். மைதானத்துச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தபோது அங்கே கைதட்டல் கிளம்பியது. பள்ளி மணி ஒன்பது அடித்தது. இரும்புக் கேட் கரகரவென்று இழுபடும் சத்தம் நான் இருந்த இடம் வரை கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஆறு.

கம்பிக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன். “தப்பா நெனைக்காதீங்க பாய்” என்றார்.

“பஸ்?”

“ரெண்டு அம்பத்தொம்பது இருபதுங்க. பதினொண்ணும் உள்ளே.”

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எண்ணினேன். பதினொரு பேர், பதினொரு பதக்கம். வேங்கடசாமி தன் பதக்கத்தைப் போனில் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். ஹுமேரா கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் பஸ் மொத்தமும் வந்தது. என்னைப் பார்த்து அவர்களுக்கெல்லாம் பாவமாகிவிட்டது. எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்துத்தானே இவருக்கு இந்த கதி என்று சாமியாத்தாள் அங்கலாய்த்தார்.

“அம்மணி, ஒண்ணு கேக்கோணும்” என்றார் வேங்கடசாமி. “நீங்க ஓடுன ஓட்டத்துக்குத் தனியா ஓடியிருந்தா ரெண்டே முக்காலுக்கே வந்திருப்பீங்க. அதை உட்டுப்போட்டு எதுக்குங்க எங்களை இழுத்துட்டு வந்தீங்க?”

“தனியா ஓட இடம் கெடைக்கலீங்க” என்றாள். அவ்வளவுதான். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மணி நேரம் இவர்களிடம் பிறந்த வீடு, புகுந்த வீடு, சர்க்கரை, இல்மா என்று எதை எதையோ பேசியவள், அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வெள்ளிக்கிழமையிலிருந்து காரணம் சொன்னேன், கணக்குக் காட்டினேன், காரமடைக்கு ஓடினேன், தண்ணீர் சுமந்தேன். செய்தது தப்பு என்று அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“இடம் இருந்துச்சுங்க” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “அவளே பேரைக் குடுத்து எடுத்த இடம். அவளைக் கேக்காம நான்தான் மாத்துனேன். இவளால முடியாதுன்னு நானே முடிவு பண்ணிப்போட்டேன். தப்பு, ஹுமேரா. பெரிய தப்பு.”

ஹுமேரா கேட் கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். வியர்வையில் மக்கனா நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் வந்தது.

“இருபத்தோரு கிலோமீட்டர் ஒண்ணும் பெருசா இல்லீங்க” என்றாள். “இத்தனை பேரோட பேசிட்டு வாரப்ப, அதை மட்டும் வாயில வராம மூணு மணி நேரம் புடிச்சு வெச்சேன் பாருங்க. அதுலதானுங்க மூச்சு வாங்கிப்போச்சு.”